விற்போர் இலக்கணம்

பாயிரம்

தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கு எல்லை எது என்று தொல்காப்பியப் பாயிரத்தைக் கேட்டால் அது வேங்கட மலையைக் காட்டும். அந்த மலையடிவாரத்தில் இன்று போய் நின்று எல்லை எது என்று கேட்டால், மஞ்சளும் வெள்ளையும் அடித்த முழ உயரக் கற்களை ஆளுக்கொரு திசையில் காட்டுவார்கள். நூலாசிரியர் எல்லை சொன்ன காலம் போய் சர்வேயர் எல்லை சொல்லும் காலம் வந்துவிட்டது. ஆகவே இந்த வட்டாரத்துக்கு இலக்கணம் எழுதப் புகுகிறவன் எழுத்திலிருந்து தொடங்க முடியாது. கல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எடுத்துக்கொண்ட பொருள் இது: சித்தூர், திருப்பதி வட்டாரத்து விவசாயி தன் நிலத்தை ஏன் வெஞ்சர் போடுகிறவர்களிடம் விற்கிறார்? வெஞ்சர் என்பது மனைப்பிரிவுக்கு அங்கே வழங்கும் பெயர். தமிழ்நாட்டில் நகர் என்றும் அவென்யூ என்றும் சொல்வதைத்தான் நகரி தாண்டினால் வெஞ்சர் என்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் துணிந்து இறங்குவது என்று பொருளாம். துணிகிறவர் ஒருவர், இறங்குகிறவர் வேறொருவர் என்பதை மட்டும் அகராதி சொல்லாமல் விட்டுவிட்டது.

ஆய்வு எல்லையையும் சொல்லிவிடவேண்டும். 1911இல் வட ஆற்காட்டிலும் கடப்பையிலும் தாலுகாக்களை வெட்டியெடுத்து ஒட்டிச் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். 1960இல் திருத்தணியைப் பிரித்துச் சென்னை மாநிலத்துக்குக் கொடுத்தார்கள். 2022 ஏப்ரல் 4ஆம் தேதி திருப்பதியைத் தனி மாவட்டமாக்கி, நெல்லூரிலிருந்தும் கொஞ்சம் எடுத்து அதோடு சேர்த்தார்கள். மாவட்டத்தையே இத்தனை தடவை பிளாட் போட்டிருக்கிறார்கள். விவசாயியை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை.

இப்பொருள் பற்றி முன்பே கருத்துரைத்தோர் மூவர். வறுமை என்பர் ஒருசாரார். பேராசை என்பர் ஒருசாரார். பிள்ளைகளுக்கு மண் பிடிக்கவில்லை என்பர் ஒருசாரார். இம்மூவரும் ஒரு சென்ட் நிலம்கூட விற்றவர் அல்லர் என்பதால் இவர் கூற்றை இங்கே விரிக்கவில்லை. இதை எழுதுகிறவன் புத்தூர்ப் பக்கத்தில் விற்ற குடும்பத்தைச் சேர்ந்தவன். அதனால் இவன் சொல்வதிலும் கொஞ்சம் கழிவு போட்டுக்கொள்வது வாசகர் உரிமை.

வினை இயல்

முதலில் வினைச்சொல்லைப் பார்க்கவேண்டும். அங்கே நிலத்தை விற்றவர் எவரும் "விற்றேன்" என்று சொல்லி இந்த ஆசிரியன் கேட்டதில்லை. ஆடு விற்றேன் என்பார், வெல்லம் விற்றேன் என்பார். நிலம் என்று வந்தால் வினை மாறிவிடும். "கொல்லி போயிடுச்சு" என்பார். "கழனிய குடுத்துட்டோம்" என்பார். முன்னதில் நிலமே எழுவாய். அதுவே எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, ரேணிகுண்டா பஸ் ஏறிப் போய்விட்டதுபோல ஒரு தன்வினை. பின்னதில் எழுவாய் பன்மை. "கொடுத்தோம்" என்ற பன்மைக்குள் அண்ணன், தம்பி, சித்தப்பா மகன், கையெழுத்துக்காகச் சென்னையிலிருந்து வரவழைத்த தங்கை எல்லாரும் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. தவிரவும் கொடுப்பது விற்பது ஆகாது. பெண்ணைக்கூடக் கொடுக்கத்தானே செய்கிறோம்.

எதிர்ப்பக்கத்து வினையும் இதே தரம்தான். வாங்குகிறவர் வாங்குகிறேன் என்று சொல்வதில்லை. "டெவலப் பண்றோம்" என்பார். ஏற்கெனவே கிணறும் வரப்பும் நாலு புளியமரமும் எட்டுத் தலைமுறை உழைப்பும் உள்ள ஒன்றை டெவலப் செய்வதற்கு முதல் வேலை அவற்றை எடுப்பது. பிறகு சிவப்பு மண் தெரியும்படி ஜே.சி.பி. விட்டுச் சமப்படுத்தினால் டெவலப் ஆகிவிட்டது. இடையில் நிற்கும் தரகருக்குத்தான் வினையே கிடையாது. அவர் "நடுவுல இருக்கேன்" என்று மட்டும் சொல்வார். ஆக ஒருவர் போயிடுச்சு என்கிறார், ஒருவர் பண்றோம் என்கிறார், ஒருவர் இருக்கேன் என்கிறார். விற்பனை என்ற தொழில் யாராலும் செய்யப்படாமலேயே நடந்து முடிந்து, சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பெருவிரல் மையோடு பதிவாகிவிடுகிறது.

வகை இயல்

இனி விற்போர் வகை. ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டால் அவர்களே சொல்லும் காரணத்தை வைத்துப் பிரிப்பது முதல் முறை.

முதலாவது போர் வகை. இங்கே போர் என்றது ஆழ்துளைக் கிணற்றை. பழைய புறத்திணைப் போருக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பூ உண்டு. இந்தப் போருக்குத் தேங்காய் உண்டு. உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு ஒருவர் கொல்லையைச் சுற்றி நடப்பார். நீரோட்டம் உள்ள இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும் என்பது ஐதீகம். நிற்கும் இடத்தில் லாரி வந்து நிற்கும். சித்தூர் பூமி கடும்பாறை. இருநூறு அடியில் நீர் கண்டவர்களின் பேரர்கள் ஆயிரம் அடிவரை இறங்கிப் பார்க்கிறார்கள். 2004 முதல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இறைக்கிற செலவு யாருக்கும் உறைப்பதில்லை. துளைக்கிற செலவு உறைக்கும்போது அது கடனாகி இருக்கும். இவ்வகையில் உட்பிரிவு இரண்டு. புழுதி கண்டவர், நீர் கண்டவர். புழுதி கண்டவர் விற்பது எளிதில் விளங்கும். நீர் கண்டவர் ஏன் விற்கிறார்? அவர் ஆயிரம் அடியில் நீர் கண்ட அன்றே பக்கத்துக் கொல்லைக்காரரின் அறுநூறு அடிப் போர் காற்று வாங்கத் தொடங்கும். பக்கத்துக்காரர் ஆயிரத்து நூறு அடி போடுவார். இதை மனதில் வைத்துக்கொள்ளவும். பின்னால் வேண்டியிருக்கும்.

இதே பூமியின் ஊடாகத்தான் கண்டலேறு அணையிலிருந்து பூண்டி ஏரிக்குக் கிருஷ்ணா நீர் போகிறது. 1983இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் கையெழுத்துப் போட்ட தெலுங்கு கங்கைத் திட்டம் அது. 1996இல் தமிழக எல்லையைத் தொட்டது. ஆந்திர எல்லைக்குள் மட்டும் அந்தக் கால்வாய் 152 கிலோமீட்டர் நீளம். சத்தியவேடு பக்கம் கரையில் நின்று, சென்னைக்காரர் குளிக்கப்போகும் தண்ணீரைத் தேங்காய் எதுவும் இல்லாமலேயே பார்க்கலாம்.

இரண்டாவது மாங்காய் வகை. தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்றும் இந்தப் பக்கம் பெங்களூரா என்றும் சொல்லும் தோத்தாபுரி மாமரம்தான் சித்தூர்க் கொல்லைகளின் பெரிய நம்பிக்கை. வேர்க்கடலை மழையை நம்பிக் கெட்டது. கரும்புக்கு நீர் போதவில்லை. மா மட்டும் நட்டுவிட்டால் நிற்கும் என்று நட்டார்கள். நின்றது. ஆனால் தோத்தாபுரி வீட்டுக்கு வாங்கித் தின்கிற பழம் இல்லை. கூழாக்கி டின்னில் அடைத்துக் கப்பல் ஏற்றுகிற பழம். ஆகவே அதன் விலை சந்தையில் கிடையாது, கூழ் ஆலையின் வாசலில்தான் இருக்கிறது. 2025 பருவத்தில் அந்த வாசலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன, பழம் டிராக்டரிலேயே கனிந்து ஒழுகியது. கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கும் என்று அரசு அறிவித்தது. ஆலை கொடுப்பது 8, அரசு சேர்ப்பது 4. ஆலைக்காரர் அந்த எட்டையே எட்டாக் கனியாக்கிவிட்டார்.

இந்தத் தறுவாயில்தான் தரகர் கணக்கோடு வருவார். அவர் கணக்கை முழுதாகச் சொல்வது நூலாசிரியன் கடமை. ஏக்கருக்கு நாலு டன் காய்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு ரூபாயே முழுசாக வந்தாலும் 48,000. அதில் மருந்து, பறிகூலி, வண்டி வாடகை போகவேண்டும். ஏக்கர் ஒரு கோடிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாங்கில் போட்டு ஏழு சதவீதம் வட்டி வாங்கினால் வருஷத்துக்கு ஏழு லட்சம். மருந்து அடிக்க வேண்டாம், யானை வராது. இந்தக் கணக்கில் பிழை எதுவும் இல்லை. பிழை இல்லாததுதான் அதன் பிழை. நிலத்தின் விலைக்கு விளைச்சல் ஈடு கொடுக்காமல் போய்ப் பல காலமாகிறது. போன வருஷமும் இதே கணக்குதான், அதற்கு முந்திய வருஷமும் இதே கணக்குதான். அப்போதெல்லாம் இவர் ஏன் கொடுக்கவில்லை? கணக்கு சரி என்பது விற்பதற்குக் காரணமானால் இந்நேரம் வட்டாரம் முழுவதும் விற்றுத் தீர்ந்திருக்கவேண்டும். பாதிப்பேர் இன்னும் மருந்தடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது ஆலை மூடிய வகை. சித்தூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, ரேணிகுண்டா அருகே காஜுலமண்டியம் கூட்டுறவு ஆலை இரண்டும் மூடின. 2002இல் சித்தூர் பால் பண்ணை மூடியது. அதை மறுபடி திறக்க 2023 ஜூலையில் அமுலைக் கொண்டுவந்து அடிக்கல் நாட்டினார்கள். இடையில் போன இருபத்தோரு வருஷத்தில் ஒரு கன்று பிறந்து, பாட்டியாகி, கொள்ளுப்பாட்டியும் ஆகியிருக்கும்.

நான்காவது யானை வகை. பலமநேர், குப்பம் பக்கக் காடுகளுக்கு 1980களில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து யானைகள் குடிவந்தன. அவற்றுக்கென்று கௌண்டின்யா சரணாலயமும் வந்தது. விற்க வேண்டுமா என்று யோசிக்காமல், வாங்க வேண்டுமா என்றும் யோசிக்காமல், முழு நிலத்தையும் ஒரே இரவில் அனுபவிப்பவை இவை மட்டும்தான். யானையால் நேரடியாக நிலம் விற்றவர் குறைவு. யானையால் காவலுக்கு ஆள் கிடைக்காமல் விற்றவர் உண்டு.

ஐந்தாவது கல்யாண வகை. படிப்பு, ஆஸ்பத்திரி ஆகியவற்றையும் இதில் அடக்குக. இது எல்லா ஊரிலும் உள்ளது என்பதால் விரிக்கவில்லை. ஒன்று மட்டும். கல்யாணத்துக்காக நிலம் விற்றோம் என்று சொல்வோரின் கல்யாணப் பத்திரிகையையும் கிரயப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பல வீடுகளில் பத்திரம் முந்தி, பத்திரிகை பிந்தி.

ஆறாவது கையெழுத்து வகை. இது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்று ஆந்திரம் 1985லேயே சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடு 1989இல், நாடு முழுவதும் 2005இல். ஆனால் அந்த உரிமை வரப்பில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. மடை திருப்பும்போது தங்கைக்குப் பங்கு இல்லை. மாங்காய் விற்ற காசில் பங்கு இல்லை. வெஞ்சர்க்காரரின் வக்கீல் வில்லங்கம் பார்க்க உட்காரும் நாளில்தான் தங்கை பிறக்கிறாள். "அம்மாடி, ஒரு கையெழுத்துதான், சாயந்தரம் பஸ்ல ஏத்தி விட்டுடறேன்" என்று அண்ணன் போன் செய்வார். அங்கே இரண்டு விதம் நடக்கும். தங்கை பட்டுப்புடவை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவாள். அல்லது கணவரோடு வந்து, பத்திரத்தை முழுக்கப் படித்துவிட்டு, பங்கு கேட்பாள். பின்னது நடந்தால் விற்பனை நிற்கும் என்றுதான் எல்லாரும் பயப்படுவார்கள். நடப்பது தலைகீழ். மூன்று ஏக்கரை நான்காகப் பங்கிட்டால் ஒருவர் பங்கிலும் உழ முடியாது. பங்கு பிரிந்த மறுமாதமே நான்கு பேரும் சேர்ந்து விற்பார்கள். நிலத்தைப் பிரிக்கத் தெரிந்த சட்டத்துக்குக் கிணற்றைப் பிரிக்கத் தெரியாது.

ஏழாவது அடிக்கல் வகை. விளைநிலத்துக்கு இடும் உரங்களில் வேகமானது அடிக்கல். நடும் இடத்தில் ஒன்றும் முளைக்காது. சுற்றுவட்டாரத்தில் விலை முளைக்கும். 2010 செப்டம்பரில் காளஹஸ்தி அருகே மன்னவரத்தில் மின்கருவித் தொழிற்சாலைக்குப் பிரதமர் மன்மோகன் சிங்கே வந்து அடிக்கல் நாட்டினார். பல்லாயிரம் பேருக்கு வேலை என்றார்கள். சொன்ன அளவில் எதுவும் வரவில்லை. ஆனால் அந்த ஒரு கல்லை நம்பி நட்ட மனைக்கற்கள் எத்தனை என்று எண்ணி முடியாது. எதிர் உதாரணமும் காட்டவேண்டும், இல்லாவிட்டால் நூல் ஒருதலை ஆகிவிடும். 2008இல் சத்தியவேடு, வரதய்யபாளையம் பக்கம் திறந்த ஸ்ரீசிட்டி உண்மையாகவே வந்தது. கார், ஏ.சி., சாக்லேட் எல்லாம் அங்கே செய்கிறார்கள். அதுதான் சிக்கலே. எதுவுமே வராமல் இருந்திருந்தால் ஜனங்கள் அடிக்கல்லை நம்புவதை நிறுத்தியிருப்பார்கள். பத்தில் ஒன்று பலித்துவிடுவதால் மீதி ஒன்பதுக்கும் விலை ஏறுகிறது. சென்னை–பெங்களூரு விரைவுச்சாலைக்கும் சித்தூர்–தச்சூர் ஆறுவழிச் சாலைக்கும் நிலம் எடுத்தார்கள். சாலைக்கு நிலம் போனவர் நஷ்டஈடு பெற்றார். சாலையோரத்தில் நிலம் தப்பியவர் அதிர்ஷ்டசாலி எனப்பட்டார். சாலைக்கு அந்தப் பக்கம் நிலமும் இந்தப் பக்கம் வீடுமாக மாட்டிக்கொண்டவர் மட்டும், கூப்பிடு தூரத்துக் கொல்லைக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு சுரங்கப்பாதை தேடிச் சுற்றிப் போகிறார். அடுத்த விற்பனைக்கு அவர்தான் வேட்பாளர்.

எட்டாவது, விற்க முடியாததை விற்றோர். இது புலவர்க்கு விருந்து. ஏழைகளுக்கு அரசு கொடுத்த நிலம் டி.கே.டி. பட்டா எனப்படும். 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை விற்கக்கூடாது. வாங்கவும் கூடாது. ஆனால் வெள்ளைத்தாளில் அக்ரிமெண்ட் எழுதிக் கால் விலைக்குக் கைமாறியது ஊரறிந்தது. இருபது வருஷம் ஆனால் விற்கலாம் என்று 2023இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். 2024இல் ஆட்சி மாறியதும் அப்படி விடுவித்த நிலங்களின் பதிவை நிறுத்தி வைத்தார்கள். முதலில் விற்றவர் குற்றவாளி, நடுவில் விற்றவர் உரிமையாளர், பின்னால் விற்கப் போனவர் மனுதாரர். மூவரும் ஒரே ஆளாகவும் இருக்கலாம்.

இதற்கு அண்ணன் முறையில் ஒன்று உண்டு. தெலுங்கில் சுக்கல பூமுலு என்பார்கள், அதாவது புள்ளி நிலங்கள். வெள்ளைக்காரன் காலத்து ரீசெட்டில்மெண்ட் பதிவேட்டில் உரியவர் பெயர் வரவேண்டிய கட்டத்தில், தெரியாததாலோ நேரமில்லாததாலோ, யாரோ ஒரு குமாஸ்தா புள்ளி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். தமிழில் எழுத்துக்குப் புள்ளி வைத்தால் மெய் ஆகும். அந்தப் பதிவேட்டில் நிலத்துக்குப் புள்ளி வைத்ததால் அது மெய்யா பொய்யா என்று நூறு வருஷம் யாருக்கும் தெரியாமல் போயிற்று. புள்ளிகளைத் தீர்க்க 2017இல் தனியாக ஒரு சட்டமே இயற்றவேண்டி வந்தது. பதிவு செய்யக்கூடாத நிலங்களின் பட்டியலுக்கு 22-ஏ என்று பெயர். அதில் தன் சர்வே நம்பர் இருக்கிறது என்று கேள்விப்பட்ட விவசாயியின் முகம், ரத்தப் பரிசோதனை முடிவு கேட்டவர் முகம் போலிருக்கும். 2024 ஜூலை 21 இரவு மதனப்பள்ளி சப்-கலெக்டர் அலுவலகத்தில் தீப்பிடித்து நிலக் கோப்புகள் எரிந்தன. விபத்து அல்ல என்ற சந்தேகத்தில் விசாரணை தொடங்கியது. பஞ்சபூதங்களில் நிலம் ஒன்று, தீ ஒன்று. அவை இரண்டும் அலுவலகத்தில் சந்தித்துக்கொண்டன.

அளவை இயல்

இனி அளவை. இதை அறியாதார் மேற்சொன்ன எல்லாவற்றையும் படித்தும் பயனில்லை.

விவசாயி நிலத்தை ஏக்கரில் விற்கிறார். திருப்பதியில் மனையை அங்கணத்தில் வாங்குகிறார்கள். திருப்பதி அங்கணம் ஆறடிக்கு ஆறடி, 36 சதுர அடி. நெல்லூர்ப் பக்கம் போனால் அதே பெயரில் 72 சதுர அடி. பெயர் ஒன்றாக இருக்க, பொருள் மட்டும் காளஹஸ்தி தாண்டி எங்கோ இரட்டித்துவிடுகிறது. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி என்பதால் கணக்காக 1,210 திருப்பதி அங்கணம். சாலைக்கும், பூங்காவுக்கு விட வேண்டிய பத்துச் சதவீதத்துக்கும், வாஸ்து மூலைக்கும் போக நூற்றுக்கு அறுபது மிஞ்சினால் 726 அங்கணம். ஏக்கர் ஒரு கோடி என்ற நம் கணக்கில் அங்கணத்தின் அடக்கம் 13,800 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. அதற்குமேல் என்ன விலைக்குப் போகிறது என்பது ஏழுமலை எந்தப் பக்கம் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. மலை தெரிந்தால் விலை கூடும். கோபுர விளக்கு தெரிந்தால் இன்னும் கூடும். அந்தக் கழனியில் மூன்று தலைமுறை குனிந்து நாற்று நட்டவர்களுக்கும் மலை தெரிந்துதான் இருந்தது. அது தெரிவதற்கு ஒரு விலை உண்டு என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

ஏக்கர் என்று சொன்னவுடன் விவசாயியின் மனதில் வருவது உழவு நேரம், விதை, ஆள்கூலி. அங்கணம் என்று சொன்னவுடன் வாங்குகிறவர் மனதில் வருவது படுக்கையறை. ஒரே மண்ணை இருவரும் இரண்டு மொழியில் பேசுகிறார்கள். நடுவில் மொழிபெயர்க்கிறவருக்கு இரண்டு பக்கமும் கமிஷன்.

வருமான வரிக்கும் ஒரு அளவை உண்டு. நகராட்சி எல்லையிலிருந்து ஊரின் மக்கள்தொகைக்கு ஏற்ப இரண்டு, ஆறு அல்லது எட்டுக் கிலோமீட்டருக்குள் இருக்கும் விவசாய நிலத்தை விற்றால் லாபத்துக்கு வரி. அதற்கு அப்பால் இருந்தால் வரி இல்லை. திருப்பதி அளவுள்ள ஊருக்கு ஆறு. இந்தத் தூரத்தைச் சாலையில் அளக்கக்கூடாது, வான்வழியில் அளக்கவேண்டும் என்று 2013இல் திருத்தினார்கள். காகம் பறக்கிற தூரம். காகம் ஐந்தே முக்கால் கிலோமீட்டரில் களைத்து உட்கார்ந்தால் வரி, இன்னும் கால் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிட்டால் மிச்சம். சனிக்கிழமை காகத்துக்குச் சோறு வைப்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

அந்தச் சட்டத்திலேயே இன்னொரு வாசல் இருக்கிறது. வரி வரும் எல்லைக்குள் விற்றவர் இரண்டு வருஷத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் அந்த அளவுக்கு வரி தள்ளுபடி. நல்ல நோக்கம்தான், விவசாயி விவசாயியாகவே இருக்கட்டும் என்று. அதனால் நடப்பது என்ன? திருப்பதி ஓரத்தில் இரண்டு ஏக்கர் விற்றவர், சந்திரகிரி தாண்டி உள்ளே போய், ஆறு ஏக்கர் விலை கேட்பார். ஊரில் அதுவரை யாரும் கேட்காத விலை. அவர் வாங்குவது உழுவதற்காகத்தான். ஆனால் அவர் சொன்ன விலை அன்று மாலை டீக்கடைக்கு வந்துவிடும். மறுநாள் அந்த ஊரில் எல்லாருடைய நிலமும் தன் பழைய விலையை மறந்துவிட்டிருக்கும்.

வரப்பு இயல்

இதுவரை சொன்ன எட்டு வகையையும் இப்போது அழிக்கவேண்டியிருக்கிறது. நூல் எழுதி முடிக்கும் தறுவாயில்தான் இந்த ஆசிரியனுக்கு இது தெரிந்தது.

என் பெரியப்பாவை ஏன் கொடுத்தீர்கள் என்று மூன்று தடவை கேட்டிருக்கிறேன். முதல் தடவை, போர் தூர்ந்துபோச்சு என்றார். இரண்டாம் தடவை, உன் அக்கா கல்யாணம் என்றார். மூன்றாம் தடவை, வயசாயிடுச்சு என்றார். ஒரே ஆள் மூன்று வகையில் வருகிறார் என்றால் வகைப்பாட்டில் கோளாறு. நாலாம் தடவை கேட்கவில்லை. அவரே ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து, கேட்காமலே சொன்னார்: "மேல் மடைக்காரன் குடுத்துட்டாம்பா. அப்புறம் நான் என்னா பண்றது?"

எங்கள் ஏரிக்குக் கீழே பதினேழு பேர் கழனி. மதகைத் திறந்தால் மேல் மடையில் தொடங்கிக் கடைமடை வரை ஒருவர் வயலைக் கடந்துதான் அடுத்தவருக்கு நீர் போகும். நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். யாருக்கு எத்தனை நாழிகை என்பது அவர் வாயில். பதினேழு பேரும் அறுவடையில் அவருக்கு நெல் அளப்பார்கள். மேல் மடையில் நால்வர் கொடுத்த அன்று கால்வாயின் தலை சாலையாகிவிட்டது. நீர்க்கட்டிக்குப் பதினேழு மரக்கால் பதின்மூன்றாயிற்று. அடுத்த வருஷம் அவர் ஸ்ரீசிட்டி பக்கம் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். நடவுக்கு வரும் பெண்கள் பதினேழு பேர் கழனி என்றால் பத்து நாள் தங்கி நடுவார்கள். ஒவ்வொருவராகக் கொடுத்துப் பதின்மூன்று ஐந்தானபின், ஐந்து பேர் கழனிக்கு யார் வருவார்? பன்றியும் மயிலும் முன்பு பதினேழு வயலில் பகிர்ந்து மேய்ந்தவை, மீந்த ஐந்தில் ஒன்றாகக் கூடி மேய்ந்தன. டிராக்டர்காரர் ஒரு ஏக்கருக்காக வண்டியைத் திருப்பமாட்டேன் என்றார். கடைசியில் வண்டிப்பாதையின் குறுக்கே ஒரு ஆர்ச் எழுந்து, அதில் செக்யூரிட்டி உட்கார்ந்து, தன் கழனிக்குப் போகிற பெரியப்பாவிடம் "யாரப் பாக்கணும் சார்?" என்று கேட்டான். அவர் அட்வான்ஸ் வாங்கியது அந்த வாரம்.

கடன், போர், மாங்காய், மகள் எல்லாம் உண்மை. அவை ஏன் விற்கலாம் என்பதற்குக் காரணங்கள். எப்போது விற்றார் என்பதற்குக் காரணம் பக்கத்து வரப்பு. விவசாயம் தனியாளின் தொழில் என்று பட்டாதார் பாஸ்புக் சொல்கிறது. அதில் ஒரு பெயர், ஒரு போட்டோ. ஆனால் கழனி என்பது பதினேழு பேர் கூட்டாக நடத்திவந்த ஒரு ஏற்பாடு. அந்தக் கூட்டுக்கு எந்த அடங்கலிலும் பத்தி இல்லை. வெஞ்சர்க்காரர் பதினேழு பேரை வாங்க வேண்டியதில்லை. தலைமடையில் நாலு பேரை நல்ல விலைக்கு வாங்கினால் போதும். மீதிப் பதின்மூன்று பேரைக் கால்வாயே கொண்டுவந்து கொடுத்துவிடும். முதல் நால்வருக்குக் கிடைத்த விலை கடைசி நால்வருக்குக் கிடைக்காததும் இதனால்தான். 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தில், தனியாருக்காக அரசு நிலம் எடுத்தால் எண்பது சதவீதம் பேரின் சம்மதம் வேண்டும் என்று விதி உண்டு. தனியாரே நேரடியாக வாங்கினால் அந்த விதி இல்லை. அங்கே சம்மதம் ஒவ்வொருவராக வருகிறது. கடைசி ஆளுக்கு வரும்போது அதற்குப் பெயர் சம்மதமா என்று இந்த ஆசிரியனுக்குச் சந்தேகம்.

எலும்பு ஒடிந்தால் எங்கள் ஊரில் கட்டு உண்டு. புத்தூர்க் கட்டு என்றால் சென்னை வரை தெரியும். வரப்பு ஒடிந்தால் கட்டுவதற்கு அங்கேயும் ஆள் இல்லை.

புறனடை

மேற்கூறிய எதிலும் அடங்காதவர் ஒருவர் உண்டு. ஒவ்வொரு வெஞ்சருக்குள்ளும் இப்படி ஒருவர் எஞ்சுவார். எங்கள் ஏரிக்கீழ் எஞ்சியவர் எனக்கு மாமா முறை. மூன்று பக்கம் காம்பவுண்டுச் சுவர், ஒரு பக்கம் நாற்பதடித் தார்ச்சாலை, நடுவில் அவருடைய ஒன்றேகால் ஏக்கர். நெல் போய்விட்டது. மழையை நம்பி வேர்க்கடலை போடுகிறார். மழை இல்லாத வருஷம் ஆடு கட்டுகிறார். சாலையில் காலை நடை போகிறவர்கள் நின்று செல்பி எடுக்கிறார்கள். வெஞ்சரின் விளம்பரத் தாளில் நீச்சல் குளம், கிளப் ஹவுஸ், சிறுவர் பூங்கா என்று போட்ட வரிசையில் நாலாவதாக "பசுமைச் சூழல்" என்று போட்டிருந்தது. அவர் கொல்லைதான் அது. படத்தில் அவருடைய ஆடுகளை மட்டும் அழித்திருந்தார்கள்.

போன தை மாதம் தரகர் மறுபடி வந்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்து, குரலைத் தழைத்து, "மாமா, கடைசியா கேக்கறேன். ஏக்கரு என்னா சொல்றீங்க?" என்றார்.

மாமா கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்தார். அவர் கொல்லையிலிருந்து அது நன்றாகத் தெரியும்.

"ஏக்கரு கணக்கெல்லாம் எனக்கு மறந்து போச்சு நைனா," என்றார். "அங்கணத்துல சொல்லு."